முதிர்ந்த ஸ்காட்ச்: விலை வயதுக்கா, பெயருக்கா?

லண்டனில் 2023 நவம்பரில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரே ஒரு பாட்டில் விஸ்கி 21 லட்சத்து 87 ஆயிரத்து 500 பவுண்டுக்கு விற்பனையானது. இந்திய மதிப்பில் ஏறத்தாழ 22 கோடி ரூபாய். ஸ்காட்லாந்தின் மெக்காலன் வடிப்பாலையில் 1926-இல் வடிக்கப்பட்டு, 60 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து, 1986-இல் அடைக்கப்பட்ட 40 பாட்டில்களில் அதுவும் ஒன்று. ஏலத்துக்கு வந்த எந்த மதுவும் அதுவரை அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் அதைத் திறந்து குடித்திருப்பார் என்று நம்புவதற்கில்லை.

செல்வந்தர்களின் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால், அளவைக் கொண்டு பார்த்தால் உலகிலேயே அதிகமாக ஸ்காட்ச் வாங்கும் நாடு இந்தியா. இந்திய, பிரிட்டன் அரசுகள் 2022 ஜனவரியில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் நடத்திய வர்த்தகப் பேச்சில் கடைசி வரை இழுபறியாக இருந்த பொருள்களுள் ஸ்காட்சும் ஒன்று. மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. அந்த விவாதம் வேறு. குடிப்பது சரியா என்பதல்ல, வயதின் பெயரால் வாங்கப்படும் விலைக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதே இங்கு எழும் கேள்வி. அதற்கான விடை, குடிக்காதவர்களையும் தொடும் ஓர் இடத்தில் போய் முடிகிறது.

ஸ்காட்ச் விஸ்கி எது என்பதைப் பிரிட்டனின் 2009-ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. ஸ்காட்லாந்திலேயே வடிக்கப்பட வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், அந்த மண்ணிலேயே, குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர வேண்டும். சாராயச் செறிவு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாட்டிலின் மீது 12 ஆண்டு என்று அச்சிட்டிருந்தால், உள்ளே கலந்துள்ள விஸ்கிகளில் மிக இளையதற்கு 12 வயது என்று பொருள். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. தாத்தா வாங்கி அலமாரியில் நாற்பது ஆண்டு பூட்டிவைத்த 12 ஆண்டு விஸ்கி, இன்றும் 12 ஆண்டு விஸ்கிதான். கருத்த நிறமும் வயதுக்குச் சான்றல்ல. கேரமல் நிறமி சேர்க்க அதே விதிகள் இடமளிக்கின்றன.

வடித்து இறக்கும்போது அது தண்ணீரைப் போல நிறமற்றது, காரம் மிகுந்தது. நிறமும் வெனிலா மணமும் துவர்ப்பும் மரத்திலிருந்து வருகின்றன. பீப்பாயின் உட்புறம் கருக்கப்பட்டிருப்பதால் அந்தக் கரி, புதுச் சாராயத்தின் கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்லப் புகுந்து, காரத்தைத் தணித்துப் பழ வாசனைகளை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்து வந்து சேர்கின்றன. ஆக, வயது என்பது வெறும் எண்ணல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழும் மாற்றம் உண்மையானது, நாக்கில் உணரத்தக்கது. பதினெட்டு, இருபது ஆண்டுகளில் இன்னும் சில நுட்பங்கள் கூடலாம். அதன் பிறகு உத்தரவாதம் எதுவும் இல்லை. மரம் மதுவை விழுங்கிவிடும்; துவர்ப்பும் கசப்பும் மேலோங்கும். செறிவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. எல்லாப் பீப்பாய்க்கும் ஐம்பது ஆண்டு தாங்கும் உடம்பு இல்லை.

விலைக்கு நியாயம் சொல்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது ஆவியாதலைத்தான். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் காற்றில் கரைகிறது. தேவதைகளின் பங்கு என்று தொழிலில் அதற்குப் பெயர். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 200 லிட்டர் பீப்பாயில் 12 ஆண்டுகளில் 157 லிட்டர் மிஞ்சும். 25 ஆண்டுகளில் 121. 50 ஆண்டுகளில் 73. ஐம்பது ஆண்டு காத்திருப்பவருக்கு, 12 ஆண்டு காத்திருப்பவருக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அடுத்தது முடங்கிய முதலுக்கு வட்டி. ஆண்டுக்கு 6 சதவீதக் கூட்டு வட்டியில் ஒரு ரூபாய், 12 ஆண்டுகளில் இரண்டாகவும், 25 ஆண்டுகளில் நாலேகாலாகவும், 50 ஆண்டுகளில் பதினெட்டுக்கு மேலாகவும் பெருகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டு விஸ்கியின் அடக்கச் செலவு 12 ஆண்டு விஸ்கியைப் போல மூன்று மடங்குக்குள்; 50 ஆண்டு விஸ்கிக்கு இருபது மடங்கு. கிடங்கு வாடகை, கெட்டுப்போன பீப்பாய்கள் எல்லாவற்றுக்குமாகத் தாராளமாக இரட்டிப்பாக்கி நாற்பது மடங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

பிரிட்டனில் ஒரு நல்ல 12 ஆண்டு மால்ட் விஸ்கி சுமார் 40 பவுண்டுக்குக் கிடைக்கிறது. அதிலும் ஒரு பெரும் பகுதி வரி. நாற்பது மடங்கு என்றால் 1,600 பவுண்டு. ஆனால், பெயர்பெற்ற வடிப்பாலைகளின் 50 ஆண்டு விஸ்கிகள் பல பத்தாயிரம் பவுண்டுக்கு விற்கின்றன. மூன்று மடங்கு விலை இருக்க வேண்டிய 25 ஆண்டு விஸ்கிக்கே, பெயர் பெரிதாக இருந்தால் பத்து மடங்குக்கு மேல் வாங்குகிறார்கள். இடைப்பட்ட தொகை காலத்துக்கான கூலி அல்ல. மால்ட் அல்லாமல் பிற தானியங்களிலிருந்து வடிக்கப்படும் கிரெய்ன் விஸ்கியும் அதே குளிரில், அதே ஓக் பீப்பாயில், அதே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடக்கிறது. அதன் விலையோ புகழ்பெற்ற மால்ட் விஸ்கியின் விலையில் சிறு பங்குதான். காலத்துக்குத்தான் விலை என்றால் இரண்டுக்கும் இத்தனை இடைவெளி ஏன்?

கார்டன் அண்டு மெக்ஃபைல் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 80 ஆண்டு விஸ்கியையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940 பிப்ரவரியில் கிளென்லிவெட் வடிப்பாலையில் இறக்கிய சாராயம், 2020-இல் அடைக்கப்பட்டது. மொத்தம் 250 குடுவைகள். குடுவையையும் அதை வைக்கும் மரப் பேழையையும் வடிவமைக்கப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டேவிட் அட்ஜாயேயை அழைத்தார்கள். வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்பதை விற்பவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

பெயருக்கு விலை உண்டு என்றானபின் போலிகள் வராமல் இருக்குமா? 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர விடுதி ஒன்றில் சீன எழுத்தாளர் ஒருவர் 1878-ஆம் ஆண்டு மெக்காலன் என்று நம்பி ஒரு கோப்பை விஸ்கிக்கு 9,999 சுவிஸ் பிராங்க் கொடுத்தார். செய்தி பரவியதும் நிபுணர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. ஆக்ஸ்போர்டில் செய்த கரிமக் காலக் கணிப்பில், அது பெரும்பாலும் 1970-72 காலத்தில் தயாரான சரக்கு என்று தெரியவந்தது. தனி மால்ட்கூட அல்ல, கலப்பு விஸ்கி. விடுதி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. குடித்தபோது வாடிக்கையாளருக்கோ ஊற்றியவருக்கோ வேறுபாடு தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2018-இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் 55 அரிய விஸ்கி பாட்டில்களைச் சோதித்தபோது 21 பாட்டில்கள் போலி என்று கண்டது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுச்சென்ற கதிரியக்கக் கரிமம், பிற்கால பார்லியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அணு ஆயுதப் போட்டியால் விளைந்த ஒரு சிறு நன்மை இது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விலையே சுவையைக் கூட்டும் என்பதற்கும் சான்று உண்டு. 2008-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரே திராட்சை மதுவை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று கேட்டபோது குடித்தவர்கள் அதையே அதிகம் சுவைப்பதாகச் சொன்னார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ரசித்தார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் ஸ்காட்ச் குடிப்பவர்களைப் பற்றி இதைவிட உயர்வாகவே எண்ணியது. பெங்களூரின் கோடே நிறுவனம் 1968 முதல் விற்றுவந்த பீட்டர் ஸ்காட் என்ற விஸ்கியின் பெயருக்கு எதிராக ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடுத்த வழக்கில், 2008 மே மாதம் தீர்ப்பு இந்திய நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. சங்கம் காலம் தாழ்த்தி வழக்குத் தொடுத்தது முதன்மைக் காரணம். இத்தகைய மதுவை வாங்குபவர்கள் படித்தவர்கள், வசதி படைத்தவர்கள். பெயரைக் கண்டு எளிதில் ஏமாறமாட்டார்கள் என்ற கருத்தும் தீர்ப்பில் இடம்பெற்றது. செயின்ட் மோரிட்ஸ் விடுதியில் நடந்ததை நினைத்தால் அந்த நம்பிக்கை சற்று மிகையோ என்று தோன்றுகிறது.

தலைநகரில் இந்த பாட்டில்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தீபாவளி நெருங்கும்போது தில்லியில் கைமாறும் பரிசுப் பொருள்களில் முதிர்ந்த ஸ்காட்ச்சுக்குத் தனி இடம் இருப்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். பரிசின் மதிப்பு பெறுபவருக்குச் சொல்லாமலே விளங்க வேண்டும். பாட்டிலின் மேல் உள்ள வயது அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட நடத்தை விதிகளின்படி, மத்திய அரசின் 'ஏ', 'பி' பிரிவு அலுவலர்கள், திருமணம் போன்ற விதிவிலக்கான நிகழ்ச்சிகள் தவிர, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசை அரசின் அனுமதியின்றி ஏற்கக் கூடாது. இந்தியக் கடைகளில் 25 ஆண்டு ஸ்காட்ச் எதுவும் அந்த விலைக்குள் வராது.

ஆனால், இந்தியா வாங்கும் ஸ்காட்சில் இத்தகைய பாட்டில்கள் கடலில் ஒரு துளிதான். ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் 2024-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, இந்தியாவுக்கு வந்தது 19.2 கோடி பாட்டிலுக்குச் சமமான விஸ்கி. அதன் ஏற்றுமதி மதிப்பு 24.8 கோடி பவுண்டு. வகுத்துப் பார்த்தால் பாட்டிலுக்கு 1.29 பவுண்டு, ஏறத்தாழ 140 ரூபாய். அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது 13.2 கோடி பாட்டில், மதிப்பு 97.1 கோடி பவுண்டு. பாட்டிலுக்கு 7 பவுண்டுக்கு மேல். இந்தியாவுக்கு வருவதில் பெரும் பங்கு, இங்குள்ள மதுவுடன் கலப்பதற்காக மொத்தமாக வரும் இளம் விஸ்கி. டாஸ்மாக் கடையானாலும் தில்லிக் கடையானாலும், நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. உயர்ரகம் எனப்படும் சிலவற்றில் கொஞ்சம் ஸ்காட்ச் கலக்கப்படுகிறது. லேபிளில் அதையே பெரிதாகச் சொல்கிறார்கள்.

இந்தியக் கடையில் ஸ்காட்ச் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் வயதுக்கும் பெயருக்கும் மேலாக வரி ஏறி நிற்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சுங்கவரிக்கு மேல் விதித்த கூடுதல் வரியை எதிர்த்து ஐரோப்பிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்ததால், 2007 ஜூலையில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. 150 சதவீத அடிப்படைச் சுங்கவரி தொடர்ந்தது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிரம், கோவா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்கள் வெளிநாட்டு மதுவுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதாக அதே அமைப்பில் மீண்டும் புகார். மகாராஷ்டிரம் 2021 நவம்பரில்தான் இறக்குமதி ஸ்காட்ச் மீதான ஆயத்தீர்வையை 300 சதவீதத்திலிருந்து 150 ஆகக் குறைத்தது.

அந்த 150 சதவீதச் சுங்கவரியில் 2021 பட்ஜெட்டில் நடந்த மாற்றம் பலர் கண்ணில் படவில்லை. மொத்தம் அப்படியே இருக்க, அடிப்படை வரி 50 சதவீதமாகவும், வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு மேல்வரி 100 சதவீதமாகவும் பிரிக்கப்பட்டது. அடிப்படைச் சுங்கவரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, மேல்வரியில் கிடையாது. ஒரே கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு, மாநிலங்களுடன் பகிரும் தொகுப்பிலிருந்து வெளியே போய்விட்டது.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனில் இரு பிரதமர்கள் முன்னிலையில் கையெழுத்தான விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தப்படி, அது நடைமுறைக்கு வரும் நாளிலேயே ஸ்காட்ச் மீதான வரி 150-லிருந்து 75 சதவீதமாகவும், பத்து ஆண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைய வேண்டும். வரி விலையின் மீது விதிக்கப்படுவதால் சலுகையும் விலையின் அளவிலேயே கிடைக்கும். 1.29 பவுண்டு சராசரி விலையில் முதல் கட்டக் குறைப்பு பாட்டிலுக்கு ஒரு பவுண்டுகூட வராது. 20 ஆயிரம் பவுண்டு பாட்டிலை முறைப்படி இறக்குமதி செய்பவருக்கு 15 ஆயிரம் பவுண்டு மிஞ்சும். 15 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இந்திய மது உற்பத்தியாளர்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். தானியத்திலிருந்து வடித்து, மரப் பீப்பாயில் மூன்று ஆண்டுகளாவது முதிர்ந்தால்தான் விஸ்கி என்று விற்கலாம் என்பது பிரிட்டனின் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதுவே. வெப்ப நாட்டில் முதிர்ச்சி விரைவாக நடப்பதால் மூன்று ஆண்டு விதியைத் தளர்த்த வேண்டும் என்றார்கள். இந்தக் கோரிக்கையில் எல்லாம் நேர்மையானது என்று சொல்ல முடியாது. மொலாசஸ் சாராயத்துக்கு விஸ்கி என்ற பெயரைப் பெற்றுத்தரும் ஆசையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிரிட்டன் மறுப்பதில் தவறில்லை. ஆனால், பார்லியிலிருந்து முறையாக வடிக்கும் இந்திய மால்ட் விஸ்கிகளின் கதை வேறு.

பெங்களூரின் அம்ருத் நிறுவனம், தன் மால்ட் விஸ்கியை 2004 ஆகஸ்டில் முதன்முதலில் விற்பனைக்கு வைத்த இடம் பெங்களூர் அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவர்கள் அவர்கள். விற்றும் காட்டினார்கள். அந்நிறுவனத்தின் ஃபியூஷன் விஸ்கியை, பிரிட்டனின் விமர்சகர் ஜிம் முர்ரே தம் 2010-ஆம் ஆண்டுக் கையேட்டில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகத் தரவரிசைப்படுத்தினார். தில்லிக்கு அருகே, ஹரியாணாவின் கர்னால் மாவட்டத்தில் உருவாகும் இந்த்ரி விஸ்கியின் தீபாவளிச் சிறப்பு வெளியீடு 2023-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில் முதலிடம் பெற்றது. இவற்றில் ஃபியூஷனும் சரி, இந்த்ரியும் சரி, பாட்டிலின் மேல் வயதைப் போட்டுக்கொள்ளவில்லை.

பெங்களூரில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது. குறைவாகப் பத்து என்றே வைத்தாலும், எட்டு ஆண்டுகளில் பீப்பாயில் பாதிக்கு மேல் போய்விடும். ஸ்காட்லாந்தில் அவ்வளவு குறைய நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அம்ருத் தன் எட்டு ஆண்டு விஸ்கிக்குப் பேராசைத் தேவதைகள் என்று பொருள்படப் பெயர் வைத்தது இதனால்தான். எட்டு ஆண்டு வெயிலும் நாற்பது ஆண்டு குளிரும் ஒரே சுவையைத் தரும் என்பதல்ல வாதம். காற்று மெல்லப் புகுந்து செய்யும் வேலையை வெப்பம் முழுவதும் ஈடுசெய்யாது. முதிர்ந்த ஸ்காட்ச்சின் மென்மை அதற்கே உரியது. ஆனால், இரண்டு இடங்களில் ஆண்டு என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. மூன்று ஆண்டு விதியை நிறைவேற்ற ஸ்காட்லாந்துக்காரர் நூறு லிட்டரில் 6 லிட்டரை இழக்கிறார். பெங்களூர்க்காரர் 27 லிட்டரை இழக்கிறார்.

மால்ட் விஸ்கிக்கு மட்டுமாவது, தட்பவெப்பத்துக்கு ஏற்ற முதிர்ச்சி அளவை வகுக்கும்படி நம் தரப்பு வற்புறுத்தியிருக்க முடியும். வரிக் குறைப்பு கையெழுத்தாகிவிட்டது. மூன்று ஆண்டு விதியோ அப்படியே இருக்கிறது. வரிக் குறைப்பு அடிப்படை வரியிலா, மேல்வரியிலா என்பதையும் மாநிலங்கள் கேட்டாக வேண்டும். பிரிட்டனில் இத்தகைய ஒப்பந்தம் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாள்கள் வைக்கப்பட்டாக வேண்டும். இந்தியாவில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலே போதும்.